ஊசித் திருகை இறுக்கியது யார்?

பந்தயம் முடிந்த மறுநாள் காலையிலேயே தையல்கடைக்காரி துப்பறிவாளரைத் தேடி வந்துவிட்டாள். செருப்புப் பெட்டி அளவே இருந்த, நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் காரை அவர் மேசைமேல் வைத்தாள். அதன் எஞ்சின் கருகி இறுகிப் போயிருந்தது.

கார் அவளுடைய தம்பியுடையது. நோயில் கை கால்கள் விழுந்துபோய் சக்கர நாற்காலியில் இருக்கிறான். பந்தய மைதானத்தில் கூடாரத்துக்குள் இருந்தபடியே, எஞ்சின் ஓசையை மட்டும் கேட்டு, எரிபொருளைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வான். அவள் கணவர் அதற்கான திருகைத் திருகுவார். அவள் ரிமோட்டைப் பிடித்து ஓட்டுவாள். இறுதிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்த கார் வீலென்று அலறி நின்றுவிட்டது. பக்கத்துக் கூடாரத்து மெக்கானிக்தான் ஏதோ செய்துவிட்டார் என்று பந்தயச் சங்கத்தில் புகார் கொடுத்திருந்தாள். அவரை மைதானத்தை விட்டே விலக்கப் போகிறார்களாம்.

துப்பறிவாளர் கார்புரேட்டரின் ஊசித் திருகைத் தொட்டுப் பார்த்தார். ஏறக்குறைய முழுவதும் இறுக்கப்பட்டிருந்தது.

"இதை இறுக்கினா எரிபொருள் குறையும். வேகம் கூடும். ஆனா மசகு எண்ணெயும் அதுல கலந்துதானே போகுது? எஞ்சின் காய்ஞ்சு கருகிடும்" என்றார்.

மெக்கானிக்கை உடனே பிடித்து விசாரிக்கலாம் என்று துடித்தான் அவருடைய மச்சினன். துப்பறியும் வேலை என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். துப்பறிவாளரோ முதலில் அவளுடைய வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டில் தம்பி கலகலப்பாகப் பேசினான். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று பின்னாலிருந்து அக்கா கேட்டதை அவள் கணவர் தன் கட்டைக் குரலில் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகே தம்பி வேண்டாமென்றான். அடுப்பில் கெட்டில் விசிலடித்தபோது மச்சினன் திடுக்கிட்டான். தம்பி பேச்சை நிறுத்தவே இல்லை.

பந்தயத்தன்று கார் எப்போதாவது கையை விட்டுப் போனதா என்று கணவரிடம் விசாரித்தார் துப்பறிவாளர். இல்லை, மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன் என்றார் அவர்.

"அப்போ மெக்கானிக் தொட்டிருக்க முடியாது. திருகினது நீங்கதான்."

மச்சினன் கணவரை முறைத்தான். துப்பறிவாளர் கையமர்த்தினார்.

"இவரா ஒண்ணும் திருகலை. தம்பி சொல்லித் திருகினாரு."

"அவனுக்குத் தெரியாத எஞ்சினா?" என்றாள் தையல்கடைக்காரி.

"தெரியும்மா. காதுதான் கேக்கலை. கட்டைக் குரல் கேக்குது. உங்க குரலும் கெட்டில் விசிலும் கேக்கலை. எஞ்சின் கீச்சுன்னு அலறினதும் அவருக்குக் கேக்கலை. இன்னும் வேகம் பிடிக்கலைன்னு நெனச்சு, இறுக்குங்க இறுக்குங்கன்னு சொல்லியிருக்காரு."

கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அதே நோய்தான் காதுக்கும் வந்திருக்கிறது, தடுக்க வழியில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அக்காவிடம் சொல்லக்கூடாது என்று தம்பி சத்தியம் வாங்கியிருந்தான். மறுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் அவன் சொன்னபடியே திருகினாராம்.

தம்பி தலை நிமிரவில்லை. "கை போனப்பவே நீ பாதியாயிட்டே. இதையும் எப்படிக்கா சொல்வேன்?"

ஏதாவது செய்ய முடியுமா என்பதுபோல அவள் துப்பறிவாளரைப் பார்த்தாள். மச்சினன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

அவள் சங்கச் செயலாளருக்குப் போன் செய்து புகாரைத் திரும்பப் பெற்றாள். மெக்கானிக்கிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னாள். அப்படியானால் யார் செய்தது என்று செயலாளர் கேட்டிருக்க வேண்டும்.

"யாரும் செய்யலைங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.