செம்மீசைக் கம்பு

எழுபத்தொரு மணி நேரம், நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. குருவம்மாள் வழக்கம்போல் கம்பங்கதிரைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தாள். பால் பிடித்திருந்தது. பதினைந்து நாள் போதும், அறுத்துவிடலாம்.

புஞ்சைக்கு மேல் நான்கு தீத்தும்பிகள், நெருப்பு உமிழும் பறக்கும் பொறிகள், இரைந்துகொண்டிருந்தன. அவற்றை ஏவும் அலுவலர் தேவசகாயம் வரப்பில் நின்று கைக்கருவியைப் பார்த்தார்.

“உங்க அண்ணன் எங்கம்மா?”

“திருப்பூருக்கு பஸ் ஏறிட்டான் சார்.”

ஒரு ரகத்தைப் பயிரிட, ஊருக்குள் இரண்டு காப்பாளர், இருக்குமிடம் காட்டும் நாடிவளையைக் கையில் அணிந்து குடியிருக்க வேண்டும். ஒரு வளை எல்லையைத் தாண்டி, அணிந்த ஆள் எழுபத்திரண்டு மணி நேரத்தில் திரும்பாவிட்டால், அது ஆளில்லாப் பயிர். அதன் மகரந்தம் கம்பெனிகளின் உரிமக் கம்பில் கலந்துவிடாமல் எரித்துவிடுவார்கள். வீட்டிலிருக்கும் விதையையும் சேர்த்து.

“பூ முடிஞ்சு பால் பிடிச்சிருச்சு சார். இனி எந்தத் தூளு பறக்கப் போவுது?”

“சட்டத்துல பூவைப் பத்தி ஒண்ணும் போடலம்மா.”

அந்த ஊரில் பத்தொன்பது ரகக் கம்பு இருந்தது. கிளம்பிப்போன ஒவ்வொரு குடும்பத்தின் பின்னாலும் ஒரு புஞ்சை எரிந்தது. மிஞ்சியது செம்மீசை மட்டும்தான்; அதற்குக் காப்பாளர் அவளும் அண்ணனும். நாற்பத்தெட்டு டிகிரி வெயிலிலும் மணி பிடிக்கும். வேறெங்கும் அது இல்லை.

பேருந்து நிறுத்தத்திலிருந்து அண்ணன் மனைவி பாக்கியத்தாய் ஓடிவந்தாள். அவள் திருப்பூர் போய் ஒரு வருடமாகிறது.

“அவரு வரலட்டி! இதுதான் வந்துச்சு. சீட்டுக்கு அடியில கெடந்ததுன்னு டிரைவர் குடுத்தாரு.”

பூட்டு அறுபட்ட நாடிவளை.

“வழியில எங்கயாச்சும் எறங்கியிருப்பான், மதினி.”

“எங்க எறங்குவாரு? நானும் பிள்ளையளும் அங்கதான இருக்கோம்?”

எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்து கருவி கூவியது. முதல் தும்பி தாழ்ந்து மேற்கு மூலையில் நெருப்பை உமிழ்ந்தது. குருவம்மாள் அரிவாளை வீசினாள். தும்பி சுழன்று விழுந்தது. அதன் இறக்கை அவள் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் தீக்குள் பாய்ந்து வெறுங்கையால் அடித்தாள். உள்ளங்கைத் தோல் தட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தேவசகாயம் அவளைக் கூந்தலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“கம்புக்காகச் சாவியா?”

“சார், காப்பாளு ஊருக்குள்ள செத்துப்போனா?”

“என்ன?”

“சொல்லுங்க சார்! செத்துப்போனா?”

“அப்ப அது குடிபெயர்வு இல்ல. வாரிசு ஒரு அறுப்பு அறுத்துக்கலாம்.”

மூன்று தும்பிகள் மிச்சமிருந்தன. பாதிப் புஞ்சை எரிந்துகொண்டிருந்தது. குருவம்மாள் பாக்கியத்தாயைப் பார்த்தாள்.

“மதினி, மிச்சத்த அறுத்து விதை எடுத்து வைப்பியளா?”

“எதுக்குட்டி என்னையக் கேக்க?”

“அண்ணன் பஸ் ஏறல சார். ஊரவிட்டுப் போயிட்டான்னு எல்லாரும் நெனைக்கட்டும்னு வளையத்தான் நான் ஏத்திவிட்டேன். போகாதன்னேன், கேக்கல. மம்பட்டியால அடிச்சேன். அந்தக் கெழக்கு ஓரத்துல, கம்புக்கு அடியிலதான் கெடக்கான்.”