நாலு கட்டம்

செத்துப்போன தம்பியின் போன், அவளுடைய சட்டைப் பாக்கெட்டுக்குள் அதிர்ந்தது.

டாஷ்போர்டில் இருந்த கையை வெடுக்கென்று எடுத்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த கஸ்டமர் காரின் சின்ன ஸ்கிரீனில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் மின்னியது.

'வூஃபர்'.

அதற்குக் கீழே... 'கனெக்டட்'!

வூஃபர் என்றால் கட்டைச் சத்தத்துக்கான ஸ்பீக்கர், ட்வீட்டர் என்றால் கீச்சுச் சத்தத்துக்கானது. வூஃபர் தம்பியின் பட்டப்பெயர். தொட்டில் காலத்திலேயே கட்டைக் குரல். அக்காவுக்குக் கீச்சுக் குரல், அதனால் அவள் ட்வீட்டர். இருவரும் சேர்ந்து கார் ஆடியோ கடை வைத்தபோது பலகையில் ட்வீட்டர் என்று மட்டும் எழுதியவன் அவன்தான். 'உன் சத்தம்தான் வெளியே கேட்கும்' என்று காரணம் வேறு சொன்னான்.

அவன் போய் ஒரு வருடம் ஆகிறது. புறவழிச் சாலையில் கிடந்தான். அடையாளம் தெரியாத வாகனம் மோதியது என்றார்கள். குடித்துவிட்டு ரோட்டைக் கடந்திருப்பான் என்று சேர்த்துக்கொண்டார்கள். சோடா குடித்தாலே விக்கல் எடுக்கும் பிள்ளையைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

அன்று காலையில் கிளம்பும்போது, "ஒரு வண்டி பாத்துட்டு வந்துடறேன்க்கா" என்றான்.

எந்த வண்டி? யாருடைய வண்டி? ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது.

காரோடு வந்த கம்பெனி ஆடியோ செட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதில் ஒரு பாட்டைப் போட்டு எல்லா ஸ்பீக்கரும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது அந்தக் கடையின் வழக்கம். இல்லாவிட்டால் நாளைக்குக் கஸ்டமர் வந்து, 'நீ கை வெச்சதுலதான் போச்சு' என்பான். அந்தப் பாட்டைத் தம்பியின் போனிலிருந்துதான் போடுவாள். அவன் நம்பருக்கு இன்றுவரை ரீசார்ஜ் செய்கிறாள்.

"செத்தவன் நம்பருக்கு எதுக்கு ரீசார்ஜ்? பைத்தியமா உனக்கு?" என்று கணவன் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் காது கேட்காதவள்.

புதிய கார் என்றால் போன் அனுமதி கேட்கும். நம்பர் காட்டும். சரியா என்று கேட்கும். இந்தக் கார் எதையும் கேட்கவில்லை. பழகிய நாய் வாலாட்டுவது போல ஒட்டிக்கொண்டது.

ஆக, தம்பி இந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

காரின் சொந்தக்காரன் அங்கே ஏசிக் காற்றில் காலாட்டிக்கொண்டிருந்தான். கட்டடக் காண்ட்ராக்டர். வந்து இறங்கும்போதே அவன் பேச்சு ஒரு மாதிரி இருந்தது.

"கடையில ஆம்பள யாரும் இல்லையா?"

"வெளிய போயிருக்கார் சார். கடை என்னுது. சொல்லுங்க."

"இல்ல... நான் கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன் போல."

"பரவாயில்ல சார். என்ன வேணும்?"

"இந்தக் கம்பெனி செட்ட எடுத்துட்டுப் பெரிய ஸ்கிரீனாப் போடணும். பழசு எனக்கு வேணாம். என் கண்ணு முன்னாடியே உடைச்சுப் போட்டுடணும்."

"நல்லாத்தானே சார் இருக்கு? வெளிய குடுத்தா யாராவது மாட்டிப்பாங்க."

"உடைக்கணும்னா உடைக்கணும்மா. வாரன்டி எத்தன வருஷம் தருவ?"

"வேலை முடியட்டும் சார், சொல்றேன்" என்றவள் நிறுத்தவில்லை.

"இதுக்கு முன்னாடி யாராவது டாஷ்போர்டப் பிரிச்சிருக்காங்களா?" என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"எவனும் கை வெச்சதில்ல. கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கு."

பொய்!

ட்வீட்டரின் பல் நறநறத்தது. பிளாஸ்டிக் நெம்பியைப் பேனலின் இடுக்கில் விட்டுக் கிளப்பினாள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி செட்டை வெளியே இழுத்தாள். வயரைப் பிடுங்கவில்லை. செட் தொங்கியபடியே உயிரோடு இருந்தது. இதுவும் தம்பி கற்றுவைத்த பழக்கம். உள்ளே எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வயரை இணைக்கும் கப்ளரைப் பிரிப்பான். அதுவரை செட் ஓடிக்கொண்டிருக்கும். கை இரண்டும் டாஷ்போர்டுக்குள் மாட்டியிருக்கும் நேரத்தில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால், முழங்கையால் அந்த ஸ்கிரீனைத்தான் அழுத்துவான்.

முழங்கையால்...

அவள் கையை நீட்டினாள். செட்டில் போன் படத்தைத் தொட்டாள். 'வூஃபர்' போனிலிருந்து இந்தக் கார் வழியாகப் போன கால்கள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தம்பி இறந்த அதே தேதி!

பெயர்?

□□□□

நாலு கட்டம்.

தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி ஆட்களின் பெயரையெல்லாம் தமிழில்தான் பதிந்துவைப்பான். இந்தச் செட்டுக்குத் தமிழ் தெரியாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கட்டம் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். நம்பரையும் காட்டாது. தம்பியின் போனைத் தேடினாள். அதில் அந்தக் கால் இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள்.

போனில் அழித்தவனுக்குக் காரில் அழிக்கத் தெரியவில்லை!

இந்தக் காண்ட்ராக்டர்தான். வேறு யார்? இப்போது யாரோ விவரம் சொல்லியிருக்கிறார்கள், செட்டு ஞாபகம் வைத்திருக்கும் என்று. அதனால்தான் உடைக்க வேண்டுமாம். அதுவும் கண் முன்னாடி!

அவள் கண் கீழே போனது. ஸ்டியரிங்குக்கு அடியில் பிரேக் மிதி. அதற்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். வயர் வெட்டும் கட்டர் கையில் இருந்தது.

ஒரு நிமிட வேலை. வீடு போய்ச் சேரமாட்டான்.

கட்டரை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் மெதுவாகக் கீழே வைத்தாள். இவன் இப்படிச் செத்தால் அதுவும் விபத்து என்றுதான் எழுதுவார்கள். தம்பி கடைசிவரை குடிகாரனாகவே இருப்பான். கூடாது. இவன் வாயாலேயே வரவேண்டும். நாலு பேர் காதில் விழவேண்டும்.

ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தன் போனை எடுத்தாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு ஜீப்பில் ஸ்பீக்கர் மாட்டிக்கொடுத்த பழக்கம் இருந்தது.

"சார், என் தம்பி கேஸ்..."

முழுக்கக் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் சொன்னார். "நாலு கட்டத்த வெச்சு நான் என்னம்மா பண்றது? கோர்ட்ல கொண்டுபோய் காட்டினா சிரிப்பாங்க."

"பேரு தெரியாதுன்னாலும் அழுத்தினா கால் போகும் சார். நீங்க பக்கத்துல இருங்க. அந்தாள் போன் அடிக்குதா இல்லையான்னு உங்க காதால கேளுங்க. எவனும் கார்ல கை வெச்சதே இல்லன்னு சொன்னவன் எப்படி முழிக்கிறான்னு பாருங்க."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பழைய ஸ்கூட்டர்ல வர்றேன். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

வந்தார். கட்டம் போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். கண்ணாடி அறையில் காண்ட்ராக்டருக்கு எதிரே உட்கார்ந்து, ஸ்பீக்கர் படம் போட்ட புத்தகத்தை உலகத்திலேயே முக்கியமான விஷயம் போலப் புரட்ட ஆரம்பித்தார்.

ட்வீட்டர் காண்ட்ராக்டரைக் கூப்பிட வாயெடுத்தாள்...

"என்னம்மா இது? நீ எதுக்கு இந்த வேலையில கை வெச்ச?"

பின்னால் கணவன். புதிய ஸ்கிரீனுக்கான ஃப்ரேம் பெட்டியைக் கையில் பிடித்திருந்தான். முகமெல்லாம் வியர்வை.

"வண்டி வந்துச்சுங்க. நீங்க இல்ல. அதான்..."

"மதியம் சாப்பிட்டியா? முகமே வாடிப்போச்சு. நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்."

எத்தனை அக்கறை! தம்பி போன அன்றும் இதே கைதான் அவளைத் தாங்கிப் பிடித்தது. மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவளுக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டியது. அவளுக்கு அழுகை முட்டியது. எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிடலாமா என்று தோன்றியது.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அவன் காதில் வாங்கவில்லை. அவன் கண் தொங்கிக்கொண்டிருந்த செட்டின் மேல் இருந்தது. ஸ்கிரீன் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் கழட்டலையா நீ?"

கீழே கிடந்த கட்டரை எடுத்தான். செட்டுக்குப் போகும் வயர்களை மொத்தமாக ஒரு கையில் பிடித்தான்.

"என்னங்க பண்றீங்க? கப்ளர் இருக்கு. அமுக்கினா வந்துடும். கம்பெனி வயர எதுக்கு வெட்டறீங்க?"

"வெட்டினா என்ன? தூக்கிப் போடற செட்டுதானே."

ட்வீட்டர் அவனைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் கடையில் ஒரு கம்பெனி வயரைக்கூட அவன் வெட்டியதில்லை. வயரை வெட்டினால் வண்டியே பாழ். புதுச் செட்டை எதில் மாட்டுவான்? அது தெரியாதவனா இவன்?

வெட்ட இவ்வளவு அவசரம் என்றால்... செட்டு இந்த நொடியே சாகவேண்டும் என்று இவன் நினைக்கிறான்.

கட்டரின் வாய் திறந்தது.

அவள் யோசிக்கவில்லை. முழங்கையை நீட்டி அந்த நாலு கட்டத்தை அழுத்தினாள்.

காரின் ஸ்பீக்கர்களில் ரிங் போகும் சத்தம் கணகணவென்று எழுந்தது. கண்ணாடி அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். என்னவோ ஏதோ என்று காண்ட்ராக்டரும் பின்னாலேயே வந்தான். அவன் போன் அவன் கையிலேயே இருந்தது.

அது அடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார்.

அப்போதுதான் அடித்தது. மிக அருகில்.

கணவனின் சட்டைப் பாக்கெட்டில்!

மெல்லிய துணி. உள்ளே இருந்த போனின் வெளிச்சம் வெளியே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு விரலால் அதை உருவிப் பார்த்தார்.

"வூஃபர் கூப்பிடறான்," என்றார் நிதானமாக. "எடுக்கலையா?"

ட்வீட்டருக்குக் காதுக்குள் குய்யென்றது. கட்டம் எழுத்துக்கு ஒன்று மட்டுமல்ல, துணைக்காலுக்கும் ஒன்று. ம... ஒரு கால்... ம... ஒரு கால்...

மாமா.

தம்பி அவனை அப்படித்தான் கூப்பிடுவான். 'எங்க மாமா இருக்கும்போது எனக்கென்ன' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

"அன்னைக்குக் கூப்பிட்டிருப்பான், எனக்கு ஞாபகம் இல்ல," என்றான் கணவன். கட்டர் அவன் கையிலிருந்து விழுந்தது. "வேற ஒண்ணுமில்லம்மா... சத்தியமா."

"அன்னைக்கு அவன்கிட்ட பேசவே இல்லன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே."

காண்ட்ராக்டருக்கு உதறல் எடுத்தது. செத்தவன் நம்பரிலிருந்து கால் வந்ததைப் பார்த்தவனுக்கு, ஹெல்மெட்காரர் யார் என்று கேட்கும் புத்திகூட இல்லை.

"செட்ட எடுத்துட்டா எல்லாம் போயிடும்னு சொன்னியேடா! இவ யாரு? இவளுக்கு எப்படித் தெரியும்?"

"வாய மூடு."

"எதுக்கு மூடணும்? தங்கக் கட்டிய செட்டுக்குப் பின்னாடி ஒளிச்சுக் கடத்தலாம்னு யோசனை சொன்னது நீ. உனக்குச் சரியா வெக்கத் துப்பில்ல, அது கடகடன்னு ஆடிச்சு. என் பொண்டாட்டி ஒண்ணும் தெரியாம அந்தப் பையனக் கூப்பிட்டுக் காட்டிட்டா. அவன் பிரிச்சுப் பாத்துட்டு, 'மாமா, ஒரு வண்டியில திருட்டுத் தங்கம் இருக்கு, போலீசுக்குச் சொல்லலாமா'ன்னு உன்னத்தான் கேட்டான். நீதான் அங்கேயே இரு வர்றேன்ன. நீதான் அவனப் பேசிப் பேசி ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்த. ஏத்துடான்னு கை காட்டினதும் நீதான். நான் ஸ்டியரிங் மட்டும்தான் பிடிச்சேன்!"

"ஸ்டியரிங் மட்டும்தானா?" என்றார் இன்ஸ்பெக்டர். "ரொம்ப நல்லவர் சார் நீங்க."

சட்டைக்கு அடியிலிருந்து விலங்கை எடுத்தார்.

ட்வீட்டர் கணவன் முன்னால் போய் நின்றாள். கஞ்சி ஊட்டிய கை. அந்தக் கையைத்தான் பார்த்தாள். ஓங்கி விட்ட அறையில் அவன் கார் கதவில் போய் மோதினான்.

"அவன் குடிச்சிருப்பான்னு போலீஸ்ல மொதல்ல சொன்னது யாரு? நீதானே?"

கணவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டான். அவள் இன்னொன்றும் விட்டாள். இன்ஸ்பெக்டர் அப்போது பார்த்து ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஜீப் வந்தது. இரண்டு பேரையும் பின்னால் ஏற்றினார்கள். அவள் கப்ளரை அமுக்கி, வயரில் ஒரு கீறல் விழாமல் செட்டைக் கழற்றினாள். துணியில் சுற்றி இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தாள்.

"பத்திரம் சார். என் தம்பி கடைசியாப் பேசினது இதுலதான்."

"கேஸத் திறந்த உடனே மொத வேலையா அந்தக் குடி விஷயத்த அடிச்சுடறேம்மா."

அவள் தலையாட்டினாள். அப்புறம்தான் ஒன்று ஞாபகம் வந்தது. ஜீப்பின் பின்பக்கம் போய்க் கம்பி வலைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"காண்ட்ராக்டர் சார், வாரன்டி எத்தன வருஷம்னு கேட்டீங்கல்ல? எங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்தே சொல்லிடறேன்..."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"ஆயுள்!"