வலது காது

ஓடப் புறப்படும் முன் ஃபோனைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திரையின் மேல் மூலையில், இயர்பட்டில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டும் இடத்தில், இரண்டு எண்கள் இருந்தன. இடது, தொண்ணூற்றெட்டு. வலது, அறுபத்து நாலு.

வலது இயர்பட் தொலைந்து மூன்று மாதம் ஆகிறது. அக்கா போய்ச் சேர்ந்தும் மூன்று மாதம்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

கணவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "ஃபோன் பழசாயிடுச்சு, வேறென்ன? ஒருதடவை அணைச்சுப் போடு, சரியாயிடும். முப்பது கிலோமீட்டர் ஓடப்போறேன்னு நேத்தெல்லாம் பெருமை பேசிட்டு, இப்ப சாக்குத் தேடுறியா?" சொல்லி முடிப்பதற்குள் போர்வைக்குள் போய்விட்டான்.

அணைத்துப் போட்டாள். இப்போது ஒரே ஓர் எண்தான் இருந்தது. உயிர் வந்தது போலிருந்தது. ஃபோனை இடுப்புப் பையில் செருகிக்கொண்டு, பாட்டைப் போட்டு, வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

ஒரு ஜோடி இயர்பட்டை ஆளுக்கொன்றாக, அக்காவுக்கு வலது, தங்கைக்கு இடது என்று மாட்டிக்கொண்டுதான் அக்காவும் தங்கையும் ஓடிப் பழகினார்கள். பின்னால் வரும் வண்டி கேட்பதற்கு ஆளுக்கொரு காது திறந்திருக்க வேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. மாட்டிவிடுவதும் அக்காதான். காதோர முடியை ஒதுக்கி, அழுத்தி, லேசாக ஒரு திருகு திருகுவாள். "இதைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல, நீயெல்லாம் மாரத்தான் ஓடப்போறியா, ஆமை!" பிடிக்காத பாட்டு வந்தால் தன் காதில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திவிடுவாள். தங்கையிடம் கேட்பதெல்லாம் கிடையாது.

ஃபோன் எப்போதும் தங்கையின் இடுப்பில். அதன் சிக்னல் பத்து மீட்டர் வரைதான் எட்டும். அக்கா அதற்கு மேல் பின்தங்கினால் தங்கையின் காதில் 'டுங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் நிற்க வேண்டும். அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அது.

அன்றைக்கு ஏரிக்கரைச் சாலையில், இருபத்திரண்டாவது கிலோமீட்டரில், அந்தச் சத்தம் கேட்டது. இருவரும் வழக்கமாகக் கேட்கும் அரட்டை பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. தவறான பஸ்ஸில் ஏறித் தூங்கிப்போன ஒருவனின் கதை. சிரிப்பு வரும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆமை முந்திக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச தூரம், கதை முடியட்டும் என்று ஓடினாள். நான்கு நிமிடம் கழித்து சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது சாலையில் யாரும் இல்லை. சரிவில், தண்ணீருக்குப் பக்கத்தில், சேற்றில் முகம் பதிய அக்கா கிடந்தாள். காதில் இயர்பட் இல்லை. இதயம் நின்று சில நிமிடம்தான் ஆகியிருக்கும், உடனே பார்த்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

"அன்னிக்கு உனக்கு ஒண்ணுமே கேக்கலையாம்மா?" வாரம் தவறாமல் அத்தான் போன் செய்து கேட்கிறார். குற்றம் சாட்டுவதில்லை. கேட்கிறார், அவ்வளவுதான்.

"இல்ல அத்தான். எதுவும் கேக்கல."

ஏரிக்கரைக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. தண்ணீர்மேல் பனி படுத்திருந்தது. பாசியும் ஈரச்சேறும் கலந்த வாடை மூச்சோடு உள்ளே போய் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இடது காதில் பாட்டு, திறந்த வலது காதில் தன் காலணிச் சத்தம், கரைக்கல்லை நக்கும் தண்ணீர், எங்கோ வயலில் ஓடும் மோட்டார். இந்த இடத்தை இன்று நிற்காமல் தாண்டிவிட வேண்டும், தாண்டிவிட்டால் மூன்று வாரத்தில் வரும் போட்டியையும் ஓடிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள்.

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில், இடது காதில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மணிச்சத்தம். மற்ற இயர்பட் இணைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓடிக்கொண்டே ஃபோனை எடுத்தாள். வலது, அறுபத்து மூன்று.

திரும்பிப் பார்த்தாள். சாலை நேராக, காலியாக இருந்தது. சரிவிலும் ஆளில்லை. இங்கேதான் சேற்றில் எங்கோ கிடக்கிறது போல, வெயில் பட்டு உயிர் வந்திருக்கும் என்று நினைத்தாள். நம்ப முடியாத காரணம்தான். ஆனாலும் நம்பினாள். கிடக்கிற பொருள் கிடந்த இடத்திலேயே இருக்கும், நாம் போய்விடலாம்.

அரை கிலோமீட்டர் ஓடினாள். பார்த்தாள்.

வலது, அறுபத்து இரண்டு.

பத்து மீட்டர். பத்தே மீட்டர். கூடவே வருகிறது.

பாட்டு நின்றது. அவள் ஃபோனைத் தொடவில்லை.

இப்போது அவளுடைய காலடி மட்டும் கேட்டது. ஒரே ஒரு ஜோடி. வேகத்தைக் கூட்டினாள். கெண்டைக்கால் தீயாய் எரிந்தது. விலகிவிடு. விலகிவிடு. வாய்விட்டே சொன்னாள். நூறு மீட்டர். இருநூறு. மூச்சு இரும்பாய்க் கசந்தது.

டுங்.

விலகிவிட்டது. அழுகை வரும் அளவுக்கு நிம்மதி.

அடுத்த நொடியே அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அவள் கால்களுக்கு நினைவு வந்தது. இன்னொரு தடவை மட்டும் கேட்கட்டும், உடனே நின்றுவிடுகிறேன் என்று மூன்று மாதமாக, தலையணையில் முகம் புதைத்து, அவள்தான் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நின்றாள்.

திரும்பவில்லை. முதுகில் இளவெயில் விழுந்தது. எதிரே அவள் நிழல் ஒன்று மட்டும் சாலையில் நீண்டு கிடந்தது.

"அக்கா," என்றாள். "அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சுக்கா. கேட்டும் ஓடினேன்."

தண்ணீர் அசையவில்லை. மோட்டார் நின்றிருந்தது.

இரண்டு மணிச்சத்தம்.

காலடியே இல்லை. சேற்று வாடை மட்டும். கிட்டத்தில். இன்னும் கிட்டத்தில்.

அவள் வலது காதோர முடியை ஈரமான விரல்கள் ஒதுக்கின. சில்லென்று ஒன்று காதுக்குள் வந்தது. அழுத்தம். பிறகு, லேசாக ஒரு திருகு.

நிழல் இன்னும் ஒன்றுதான்.

வலது காதில் பாட்காஸ்ட் தொடங்கியது. தவறான பஸ். தூங்கிப்போனவன். சிரிப்பு வருவதற்கு முந்தைய வரியில் டக்கென்று நின்றது. அங்கே வெகுதூரம் ஓடி வந்த ஒருத்தியின் மூச்சு. சேறு அடைத்த மூச்சு.

"அப்புறம் என்னடி ஆச்சு, ஆமை?"

விரல்கள் காதை விடவில்லை.