பதிவான குரல்

அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் திரையில், "உங்கள் குரல் பதிவாகிவிட்டது, நன்றி" என்று வந்திருந்தது.

தப்பு அவள்மேல்தான். அலுவலகக்காரர்களுக்காகக் கணினிச் செய்தி எழுதிப் பிழைக்கிறவள் அவள். எந்த அப்டேட்டைத் தள்ளிப்போடலாம், எந்தப் பிரிண்டர் மை குடித்தே ஆளைக் கவிழ்க்கும் என்று வாரந்தவறாமல் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுவாள். தனக்கென்று வந்தால் ஒரு குறிப்பையும் படிக்க மாட்டாள். வீட்டிலிருந்தே மீட்டிங் பேசுகிறவர்களுக்காக வந்திருக்கும், இந்த வாரக் கட்டுரைக்காக அவள் சோதிக்கிற இந்தப் புது மென்பொருள், சுற்றுமுற்றும் கேட்கிற சத்தத்தையெல்லாம் கழித்துவிட்டு, ஒரே ஒரு குரலை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பும். முதலில் அந்தக் குரலை அதற்குப் பழக்க வேண்டும். திரையில் ஓடுகிற வரிகளை உரக்கப் படிக்க வேண்டும். அவள் "தொடங்கு" என்பதைத் தட்டிவிட்டு, சோதனைக்குச் சத்தம் வேண்டுமே என்று அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு வாஷிங் மெஷின் பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது நன்றி சொல்லி முடித்திருந்தது. அதுவரை அறையில் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டு டிவிச் சத்தத்தைப் பிடித்திருக்கும் என்று நினைத்தாள். அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. ஒரு குறை கிடைத்தால் கட்டுரை பாதி எழுதின மாதிரி.

வெளியே மழை வலுக்காமலும் விடாமலும் நசநசத்துக்கொண்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற நீர் ஜன்னல் தகரத்தில் தாளம் தப்பித் தட்ட, உள்ளே மெஷின் தன் வயிற்றுக்குள் துணியைப் புரட்டிப் புரட்டி முனகியது. சோப்பு வாசனையும், சூடான கணினியின் தூசி வாசனையும், மெஷின் பக்கமிருந்து, நாள்கணக்கில் மூட்டைகட்டி மறந்துபோன ஈரத்துணியின் வாடையும் சேர்ந்து அறைக்குள் சுற்றின. அவளுக்கு உட்காரவும் பிடிக்கவில்லை, எழுந்திருக்கவும் பிடிக்கவில்லை. மகள் வகுப்பு முடிந்து பஸ் ஏறியிருப்பாள். இறங்கியதும் போன் வரும். விளக்கில்லாத சந்து அது. முனையிலிருந்து வாசல்வரை அம்மாவின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து வருவாள். நடக்கும்போதே அன்றைய கதை முழுக்கச் சொல்லுவாள். அம்மா பாதி நேரம் வேறு வேலையில் இருப்பாள். "நீ ஒரு உம்கூடக் கொட்ட மாட்டேங்குற" என்று மகள் நேற்றும் கோபித்துக்கொண்டாள். மழைக்குள் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க, அந்த மென்பொருளை அவள் தன் போனிலும் போட்டு வைத்திருந்தாள்.

முதலில் அந்த மென்பொருள் வழியாகவே பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கட்டுரை எந்த அளவில் இருக்கிறது என்று சொன்னாள்.

"மெஷின் சத்தம் துளிகூட இல்லீங்க, பிரமாதம்" என்றார் அவர். "ஆனா பக்கத்துல யாரு, உம் கொட்டிக்கிட்டே இருக்காங்க?"

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

"இப்பக்கூட ஒரு ம் வந்துச்சே. நீங்க ஒண்ணு சொன்னா, ஒரு ம். கதை கேக்கிற மாதிரி." அவர் சிரித்தார். "ஆமா, உங்க குரல்தான் கம்மியா இருக்கு. மைக்கைக் கொஞ்சம் கிட்ட வைங்க."

வைத்துக்கொண்டாள். "அந்த அம்மா நல்லா கேக்குறாங்க, உங்களைத்தான் காணோம்" என்று கேலி பண்ணிவிட்டு, அவர் வைத்துவிட்டார்.

எது போனது, எது கழிந்தது என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க அந்த மென்பொருளில் வசதி இருந்தது. அவள் நாலு வரி பேசிப் பதிவு செய்தாள். அனுப்பிய ஒலியைப் போட்டாள். வெறும் நிசப்தம். பிறகு காதுக்கு வெகு அருகில், மூச்சோடு, ஒரு பெண்ணின் "ம்".

கழித்த ஒலியைப் போட்டாள். மெஷின். மழை. தகரத்தில் சொட்டு. அவற்றுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, அவள் குரல்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வீசினாள். திரும்பிப் பார்த்தாள். திரைச்சீலை. அலமாரி. அவளுடைய நாற்காலி. பயமாக இருந்தது, பயப்படுவதற்கு ஒன்றும் இல்லாததுதான் பயமாக இருந்தது. அந்த ஈரத்துணி வாடை இப்போது மெஷின் பக்கமிருந்து வரவில்லை, நாற்காலிப் பக்கமிருந்து வந்தது.

நின்றபடியே இன்னொரு முறை பதிவு செய்தாள். "யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அனுப்பிய ஒலியில், அவள் கேள்வி இல்லை. பதில் இருந்தது.

"ம். சொல்லு."

நீக்கினாள். கணினியிலும் போனிலும் அந்த மென்பொருளையே நீக்கினாள். கணினியின் ஒயரையே பிடுங்கினாள். மெஷின் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி, கீச்சென்று ஒலித்து, ஓய்ந்தது. வீடு அடங்கிப்போனது.

போன் அடித்தது.

"அம்மா, இறங்கிட்டேன்."

"ஏய், இங்க வராத. முனையில மருந்துக்கடையிலயே நில்லு. நான் வர்றேன்."

"நனைய மாட்டேன்மா. குடை இருக்கு."

"கேக்குதா? வீட்டுக்கு வராதன்னு சொல்றேன்."

மகள் சிரித்தாள். சிரிப்போடு செருப்புச் சத்தமும் கேட்டது, நடக்க ஆரம்பித்துவிட்டாள். "என்னம்மா இன்னிக்கு, தங்கம்னெல்லாம் கூப்பிடுற? வழக்கமா ஏய்தானே?"

"வராத. வராத."

"சரி, ஓடல. மெதுவாவே வர்றேன். நீ இன்னிக்கு எவ்வளவு நல்லா கேக்குற தெரியுமா? பேசிட்டே இரு."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். போனையே அணைத்தாள். வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்தாள்.

சந்தில் குடை வந்துகொண்டிருந்தது. குடைக்குக் கீழே போன். காதோடு ஒட்டியபடி. மகள் பேசிக்கொண்டே வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"போயிடு," என்று அவள் கத்தினாள். "திரும்பி ஓடு."

மகள் முகத்தைச் சுளித்தாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். "என்னம்மா, மெஷின் இன்னும் ஓடுதா? காது கிழியுது."

அவள் வாசலை மறித்து நின்றாள். மகளின் கையைப் பிடித்தாள். மழைத்தண்ணீரை உதறுவதுபோல மகள் உதறிவிட்டாள். அம்மாவைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால், அறைக்குள், யாரையோ பார்த்துச் சிரித்தாள். உள்ளே போனாள்.

மெஷின் ஓடவில்லை. மழைகூட நின்றிருந்தது. வீட்டில் சத்தம் என்று இருந்தது அவள் அலறல் மட்டும்.

மகள் பையை எறிந்தாள். தரையில் உட்கார்ந்து மேசையில் சாய்ந்துகொண்டாள். "இன்னிக்கு வகுப்புல என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தவள், நிறுத்தினாள். "இரும்மா. இந்தச் சத்தத்துல ஒண்ணும் பேச முடியல."

எழுந்து வந்து, அம்மாவின் முகத்துக்கு நேராக அறைக்கதவைச் சாத்தினாள்.

சாத்துகிற இடுக்கில் அவள் பார்த்தாள். மேசையில் வீசிய ஹெட்செட் மேசையில் இல்லை. அவளுடைய நாற்காலிக்கு மேலே, தலை இருக்க வேண்டிய உயரத்தில், எதன்மேலும் மாட்டாமல் நின்றது.

கதவு மூடியது. உள்ளே மகள் கதை சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு வரிக்கும், அவசரமே இல்லாமல், ஒரு "ம்" வந்தது.