நீர்த்துறையில் நான்கே நான்கு

ஸல்வா புத்தகத்தை மேசைமேல் போட்ட வேகத்தில் தேநீர்க் குவளைகள் குலுங்கின. அந்த ஆண்டு நாட்டில் எந்தத் துறைக்கு எத்தனை காப்புரிமை விண்ணப்பங்கள் வந்தன என்ற புள்ளிவிவரப் புத்தகம் அது. அச்சு மை வாசம்கூடப் போகவில்லை.

"பாருங்கய்யா. நீர்ச் சுத்திகரிப்பு போன வருசம் முப்பத்தாறு, இந்த வருசம் நாலு. என் ஆய்வுக்கூடத்துல இருந்து மட்டுமே ஒம்பது குடுத்தேன். ஒம்பதுக்கும் ரசீது வச்சிருக்கேன். நாலுக்குள்ள ஒம்பது எப்படி அடங்கும்?"

காப்புரிமைப் பதிவகத்தின் விசாரணை அதிகாரி ஷாத்லி அவசரப்படாத மனிதர். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கோப்புகள் சுமக்கும் கமைஸ், நீலக் கயிறு சுற்றிய கைப்பிடியைப் பிடித்துக் கெண்டியிலிருந்து தேநீர் ஊற்றினான். எந்த விசாரணையானாலும் ஷாத்லியின் பின்னால் முதலில் ஓடுகிறவன் அவன்தான்.

"வியாழக்கிழமை அமைச்சகத்துல கூட்டம்" என்றாள் ஸல்வா. "ஒருத்தரும் கண்டுபிடிக்காத துறைக்கு எதுக்குக் கூடம்னு ஜர்ஜிஸ்ல இருக்கிற என் ஆய்வுக்கூடத்தை இழுத்து மூடப்போறாங்க. என்கிட்ட ஆறு பேர் வேலை பாக்கறாங்க. நெசவைப் பாருங்க, இருபத்தொண்ணு அம்பத்தஞ்சா ஊதிக்கிடக்கு. உங்க துணைத் தலைவர் லர்பி எந்த ஊரு? கஸர் ஹிலால். அங்க குழந்தைகூடத் தறிச் சத்தத்துலதான் தூங்கும்!" புத்தகத்தைக் கமைஸிடம் நீட்டினாள். "நீங்களே படிங்கண்ணே."

"ஆமாம்மா, அநியாயம்" என்று தலையாட்டினான்.

தலையாட்டுவது அவனுக்குப் பழகிப்போன ஒன்று. நாற்பத்தெட்டு வயதில் மாலைப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றவன். சான்றிதழ் வந்த அன்று அலுவலகமே கைதட்டி, மக்ரூத் பலகாரம் வாங்கிக் கொடுத்தது. அச்செழுத்தை மெதுவாகக் கூட்டிப் படித்துவிடுவான். ஆள் கையால் எழுதியது மட்டும் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். மக்ரூத் தின்ற வாயால் அதை எப்படிச் சொல்வது?

"மொத்தம் போன வருசம் நானூத்திப் பன்னெண்டு, இந்த வருசம் நானூத்திப் பதினாலு" என்றார் ஷாத்லி. "எதுவும் காணாமப் போகலை. இடம் மாறியிருக்கு. வா கமைஸ்."

ஆவண அறையில் புள்ளிவிவரம் எழுதும் நஜாத் அவர்களை எரிச்சலோடு பார்த்தாள். "நானூறு கோப்பையும் யாருய்யா திறந்து படிப்பா? கமைஸ் அண்ணன் உறை நிறத்தை வச்சு அடுக்குவார். நீலம்னா நீர், பச்சைன்னா நெசவு. நான் அடுக்கை எண்ணி எழுதுவேன். பத்து வருசமா இதான் வழக்கம்."

ஷாத்லி பச்சை அடுக்கை ஒவ்வொன்றாகத் திறந்தார். முப்பத்தொரு பச்சை உறைகளுக்குள் நெசவு இல்லை. உப்புநீர், வடிகட்டி, கழிவுநீர். ஸல்வாவின் ஒன்பதும் அங்கேதான் இருந்தன.

வரவுப் பிரிவு எழுத்தர் ஹாதியை அழைத்தார்கள்.

"மார்ச்சுல நீல உறை தீந்துபோச்சுய்யா. புதுசு வரவே இல்லை. பச்சை உறையில போட்டு, முதுகுல நீலக் கயிறு கட்டி அனுப்பினேன். கயிறு கட்டினது நீர், அவிழ்க்காதீங்கன்னு என் கையால எழுதி ஒட்டினேன். கமைஸ் அண்ணன்கூட நின்னு படிச்சாரே!"

எந்த உறையிலும் கயிறு இல்லை. அறிவிப்பு ஒட்டிய சுவருக்கு இப்போது புதுச் சுண்ணாம்பு; அறிவிப்பையும் காணோம்.

கமைஸ் பச்சை உறைகளையே பார்த்தான். கயிறு. கட்டுவதற்கு வந்த வெறுங்கயிறு என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"நான் எந்த அறிவிப்பையும் பாக்கலை" என்றான்.

ஹாதி அவனை வெறித்தான். "அண்ணே..."

"பாக்கலைன்னு சொல்றேன்ல!"

அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன், கெண்டியின் கைப்பிடியிலிருந்த கயிற்றை அவிழ்த்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

மறுநாள் புதன்கிழமை. ஷாத்லியின் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். லர்பி உட்காரவே இல்லை.

"ஹாதி யார்கிட்டயோ கை நீட்டியிருக்கான். இது மோசடி. மோசடின்னா விசாரணைக் குழு, மூணு மாசம். அதுவரைக்கும் ஒரு எண்ணையும் திருத்த மாட்டேன்."

"கூட்டம் நாளைக்கு!" என்றாள் ஸல்வா.

"தவறா நடந்ததுன்னா?" என்று கேட்டார் ஷாத்லி.

"தவறுன்னா திருத்தச் சீட்டு. இப்பவே கையெழுத்துப் போடுவேன். ஆனா யாரோட தவறு? ஆள் வேணும்."

கமைஸ் தேநீர் ஊற்றினான். 

"சொல்றேன்" என்றார் ஷாத்லி. "நீலத்துல தங்கின நாலும் மார்ச்சுக்கு முன்னால வந்தவை. உறை தீந்ததா ஹாதி சொன்னதும் மார்ச்சு. மோசடி பண்றவன் இப்படி உறை தீர்ற நாளுக்குக் காத்திருப்பானா? சரி, கயிறு எங்க? கணக்கை மறைக்க அவிழ்த்தவன் அதை எரிச்சிருப்பான். கயித்துக்காகவே அவிழ்த்தவன் அதை எதுக்காவது கட்டியிருப்பான். கணக்குல அவனுக்கு அக்கறையே இல்லை." குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "எட்டு மாசமா இந்தத் தேநீர் நீலக் கயிறு சுத்தின கைப்பிடியில வந்துச்சு. இன்னிக்குக் கந்தல் துணி சுத்தி வருது. ஏன் கமைஸ்?"

எல்லோரும் திரும்பினார்கள். ஹாதி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் கமைஸால் தாங்க முடியாமல் போயிற்று.

சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நான்தான்யா. முப்பத்தொண்ணையும் அவிழ்த்தேன். கெண்டிக்குக் கொஞ்சம், மீதியில வீட்டுல கோழிக்கூண்டைக் கட்டினேன். அறிவிப்பு முன்னால நின்னேன், தலையாட்டினேன். படிக்கலை. கையால எழுதினது எனக்குப் படிக்க வராது. நேத்து ஹாதி சொன்னதும் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சும் பொய் சொன்னேன்."

"சான்றிதழ் வாங்கினீங்களேண்ணே!" என்றாள் நஜாத்.

"வாங்கினேன்மா. மக்ரூத்தும் தின்னேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நஜாத் தன் பேனாவை மூடினாள். "பத்து வருசமா நானும்தான் ஒண்ணையும் படிக்கலை" என்றாள் மெல்ல.

லர்பி கையெழுத்துப் போட்டார். நீர் முப்பத்தைந்து, நெசவு இருபத்துநான்கு. தன் ஊர்க் கணக்கு சுருங்கியதில் முகம் கொஞ்சம் கோணியது, ஆனாலும் போட்டார்.

ஸல்வா திருத்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். வாசலில் கமைஸ் வழிமறித்து நின்றான்.

"கூடம் பிழைச்சிரும்லம்மா?"

"பிழைக்கும்." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "இதை நேத்தே சொல்லியிருக்கலாமேண்ணே. நேத்து சாயங்காலம் போன் பண்ணி, ஆறு பேரையும் வேற வேலை பாத்துக்கச் சொல்லிட்டேன். ரெண்டு பேர் காலையிலயே லிபியாவுக்கு வண்டி ஏறிட்டாங்க. கூடம் இருக்கும். அவங்க?"

 முதல்முறையாகக் கமைஸ் தலையாட்டவில்லை.

மறுநாள் அச்சகத்திலிருந்து முந்நூறு திருத்தச் சீட்டுகள் வந்தன. ஒட்டும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஹாதி பசைச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான். ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து, 'நீர்ச் சுத்திகரிப்பு: 35' என்று வாய்விட்டுப் படித்து ஒட்டினான் கமைஸ். மெல்லிய தாள். எவ்வளவு அழுத்தி ஒட்டியும், முந்நூறாவது புத்தகத்திலும் அடியில் கிடந்த அந்த நான்கு தெரியத்தான் செய்தது.