ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம்

மேல்விஷாரத்தில் தன் கடை வாசலில் ஜெயசீலனின் கார் மறுபடியும் வந்து நின்றபோது, சமீருல்லா டீ கிளாஸை வாயருகே கொண்டுபோயிருந்தான். டீ கசந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஒரே வண்டி ஒரே கோளாறோடு திரும்பி வருவதைப் போல மானக்கேடு வேறில்லை.

"இன்னா ஜெயசீலண்ணே, மறுபடியுமா?"

"அதேதான் பாய். அந்த மூடிக் கெடக்கிற தோல் டேனரி பக்கம் போனா மட்டும் முன்னாடி ரெண்டு லைட்டும் விட்டு விட்டு எரியுது. ஷூ கம்பெனிப் பொண்ணுங்க ஏறவே பயப்படுதுங்க. இன்னிக்கு சரியாகலன்னா வேற வண்டி வெச்சுக்கறோம்னுட்டாரு மேனேஜர்."

இரண்டு லைட்டும் சேர்ந்து மினுக்கினால் கோளாறு பல்பில் இல்லை, இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. பேட்டரி முனைகளை ஏற்கெனவே சுத்தம் செய்தாகிவிட்டது. எர்த் வயரைச் சுரண்டி முறுக்கியாகிவிட்டது. லைட்டுக்கான ரிலே சுவிட்சும் புதுசு. இன்று ஹெட்லைட்டையே கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை, சீல் கச்சிதமாக இருந்தது.

"அந்த ரோட்டுலயே ஓட்டிப் பார்த்துடலாம், வாங்க" என்றான்.

ஜெயசீலன் உடனே வண்டியில் ஏறவில்லை. சமீருல்லாவுக்கும் அந்த ரோடு ஆகாதுதான். அவன் அண்ணன் சர்தார் பாஷா அந்த டேனரியின் கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கிச் செத்தவன். டேனரி மெஷினில் ஆள்காட்டி விரல் பாதி போன தன் கையால்தான் அண்ணன் இந்தக் கடையின் ஷட்டரை முதன்முதலில் தூக்கிவிட்டான். ஜெயசீலன் அவனோடு வேலை பார்த்தவன். சாவுக்குப் பிறகு டேனரி வேலையை விட்டுவிட்டு டிரைவராகிவிட்டான்.

தூறல் ஆரம்பித்திருந்தது. தூரத்துப் பள்ளிவாசலில் அந்திநேர மக்ரிப் பாங்கு கேட்டது. சமீருல்லா ஹெட்லைட்டுக்குப் போகும் இணைப்பிலிருந்து வயர் இழுத்து, கரண்ட் காட்டும் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டான்.

டேனரிச் சுவர் வந்தது. சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த வாடை காருக்குள் நிறைந்தது. பழகிப்போன இந்தப் பக்கத்து மூக்குகளுக்கு அந்த வாடை தெரியவே தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

லைட் அணைந்தது. ஒரு நொடி எரிந்தது.

அணைந்து, மறுபடி ஒரு நொடி எரிந்தது.

அணைந்து, பிறகு நீளமாக ஒரு வெளிச்சம்.

மடியிலிருந்த மீட்டரில் எண் அசையவே இல்லை. கரண்ட் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. லைட் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது.

ஜெயசீலன் வண்டியை நிறுத்திவிட்டான். "பாய், இது லைட் கோளாறு இல்ல" என்று கிசுகிசுத்தான். "ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம். தொட்டிக்குள்ள கத்துனா மேல கேக்காது. அதனால டார்ச்ல காட்டுவோம். மேல தூக்குன்னு அர்த்தம். மேல நிக்கிறவன் ஒரே ஒரு நீளம் காட்டணும். பார்த்துட்டேன், தூக்குறேன்னு."

"அன்னிக்கு மேல யாரு நின்னது?"

"நான்தான். இழுத்தேன் பாய், வெறும் கயிறுதான் வந்துச்சு. எறங்கப் போனேன், எறங்குனா நீயும் செத்துடுவன்னு எல்லாரும் என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. கீழ டார்ச் மட்டும் ரொம்ப நேரம் காட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் பதில் காட்டல. தூக்க முடியாதவன் எப்பிடிக் காட்டுவான்?"

"உடனே உசுரு போயிடுச்சுன்னு சொன்னீங்களே!"

"உங்கம்மா கேட்டாங்க. வேற இன்னா சொல்றது?"

முன்னால் லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம். அண்ணன் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. சமீருல்லா ஸ்டியரிங் பக்கம் கையை நீட்டினான்.

"வேணாம் பாய்!"

அதற்குள் லைட்டை டிம் அடிக்கும் லீவரை இழுத்துப் பிடித்துவிட்டான். ஒரே ஒரு நீளம்.

மினுக்கல் நின்றது. இரண்டு லைட்டும் அசையாமல் எரிந்தன.

கார் பின்னால் நகர்ந்தது.

ஜெயசீலன் முதல் கியரைப் போட்டு மிதித்தான். எஞ்சின் கதறியது, டயர்கள் சேற்றில் சுற்றின. ஆனாலும் கார் டேனரி கேட்டை நோக்கிப் பின்னாலேயே போனது. யாரோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிற கனம்.

"தூக்குறேன்னு சொல்லிட்டியே பாய்" என்று ஜெயசீலன் அழுதான். "கயிறு எங்க?"

சமீருல்லா கண்ணை இறுக மூடிக்கொண்டான். கேட்டின் மேல் கார் இடித்த அந்த நொடியில் கனம் விட்டுப்போனது. கார் முன்னால் பாய்ந்தது.

கடைக்குத் திரும்பியதும் ஜெயசீலன் காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான். சமீருல்லா இரண்டு ஹெட்லைட்டையும் கழற்றி மேஜைமேல் வைத்தான். பல்புகளை உருவினான். பேட்டரியையும் இறக்கினான். இனி எரிய ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கினான்.

பின்னால், மேஜைமேல், வெளிச்சம் வந்தது.

ரெண்டு சின்னது.

ஒண்ணு நீளம்.

"அண்ணே" என்றான் சமீருல்லா. "என்கிட்ட கயிறு இல்லண்ணே."

ஹெட்லைட்டின் சீல் பிரியாத கண்ணாடிக்குள் மெல்ல ஆவி படர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு கை அதைத் துடைத்தது. தெளிந்த இடத்தில் நாலு விரல் தடம் முழுசாக இருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் பாதியோடு நின்றிருந்தது.