எந்தப் பட்டியலிலும் இல்லாதவன்

"எனக்கு முட்டை வேண்டாம். உன் கையால சாப்பிட மனசு வரல" என்று ஆர்டிஸ் தட்டைத் தள்ளி வைத்தாள்.

லவான் வாணலியில் இருந்த முட்டையைக் கணவர் க்ளென்னின் தட்டில் போட்டாள். அவரும் அதைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொட்டிக் கிடந்த பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேச ஆரம்பித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

ஆர்டிஸ் க்ளென்னின் அக்கா. புருஷன் இறந்தபின் பக்கத்துப் பண்ணையில் தனியாக இருக்கிறாள். காலைக் காபிக்கு மட்டும் தம்பி வீடு. இந்த இரண்டு வாரமாக அவள் காபி குடிக்க வரவில்லை, வழக்கு விசாரிக்கத்தான் வந்துகொண்டிருந்தாள்.

"நேத்தும் கம்ப்யூட்டர்ல பாத்தேன். ஜெயில்ல இருக்கறவங்க பேரை வரிசையாப் போட்டிருக்கான். எவனெவன் பேரோ இருக்கு, நம்ம டேரன் பேரு இல்ல. புள்ளைய எங்க கொண்டுபோய் அடைச்சிருக்காங்களோ... புடிச்சுக் குடுத்தவளுக்காவது தெரியணும் இல்ல?"

"நானும்தான் தேடிட்டிருக்கேன் அண்ணி."

"தேடறியா? நல்ல கூத்து. நீயே தொலைச்சிட்டு நீயே தேடு. பெத்தவ இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பாளா? சித்திக்காரி புத்தியக் காட்டிட்டியே லவான்..."

க்ளென்னின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். லவான் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். வேண்டாம் என்பது போல. அவர் வாயை மூடிக்கொண்டார்.

நடந்தது இதுதான். டேரன் க்ளென்னின் முதல் மனைவி பெற்ற பிள்ளை. முதுகுவலிக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அவனைப் பிடித்துக்கொண்டது. அந்தப் போதையில் வண்டி ஓட்டினான் என்று ஒரு வழக்கு வந்தது. கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே பதுங்கியிருந்தான். அவனைப் பிடிக்க உத்தரவு இருந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிப்பின் ஆள் வாசலுக்கே வந்து விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்.

இந்த மாவட்டத்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. அடுப்படிக்கு அடுப்படி, ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில், போலீஸ்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும் சின்ன ரேடியோ ஒன்று கரகரத்துக்கொண்டே இருக்கும். யார் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போகிறது, யார் மாடு சாலையில் நிற்கிறது என்று சமைத்துக்கொண்டே தெரிந்துகொள்வார்கள். அன்றைக்கும் அது சொன்னது: "ஹால்வர்சன் வீட்டுலேர்ந்து போன் வந்திருக்கு. பையன் அங்கதான் இருக்கானாம், போய்ப் பாரு." ஹால்வர்சன் என்பது க்ளென்னின் குடும்பப் பெயர். வீட்டைச் சொன்னதே தவிர ஆளைச் சொல்லவில்லை. ஆனால் அன்று வியாழன். மாட்டுச் சந்தை நாள். ஆம்பிளைகள் எல்லாரும் இருட்டும்வரை சந்தையில்தான் இருப்பார்கள். அப்படியானால் வீட்டில் இருந்தது யார்? ஆர்டிஸ் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி ஆறுவதற்குள் அந்தக் கணக்கு ஊருக்கே மனப்பாடம்.

கணக்கு தப்பு. அன்று க்ளென் சீக்கிரமே வீடு திரும்பிவிட்டார். வந்து பார்த்தால் வாசலில் டேரன், கண் சொருகி, வண்டிச் சாவியைத் துவாரத்தில் நுழைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தான். சாலை முழுக்கக் கண்ணாடிபோல் பனிக்கட்டி. சாவியைப் பிடுங்கப் போன அப்பனைத் தள்ளிவிட்டான். எழுந்த க்ளென் நேராக அடுப்படிக்குப் போனார். போனை எடுத்தது அவர்தான்.

விலங்கோடு நின்ற டேரன் கேட்டான்: "யாரு போன் பண்ணது?" க்ளென்னின் முகம் செத்துப்போயிற்று. அந்த முகத்தைப் பார்த்த லவானுக்கு யோசிக்க நேரமில்லை.

"நான்தான்" என்றாள்.

ஐந்து வயதிலிருந்து வளர்த்த பிள்ளை. அன்று அவன் பார்த்த பார்வை இன்னும் அவள் கண்முன்னே நின்றது. ஆனாலும் வேறு என்ன செய்ய? பெற்ற அப்பனே காட்டிக் கொடுத்தான் என்று தெரிந்தால் அவன் இந்த வாசலை மிதிப்பானா? பழி தன்மேல் விழுந்தால் விழட்டும், அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக இருக்கட்டும். யாரிடமும் உண்மையைச் சொல்லக் கூடாது என்று அன்று இரவே க்ளென்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பிள்ளை எங்கே?

அதைத் தெரிந்துகொள்ள அவள் அலைந்த அலைச்சல் நாய்கூடப் படாது. ஷெரிப் ஆபீசில் கேட்டால், "இங்க இல்லம்மா, கோர்ட்டுல கேளுங்க." கோர்ட்டில் கேட்டால், "எங்ககிட்ட வழக்குத் தாள்தான் இருக்கு, ஆளு இல்ல. ஜெயில்ல கேளுங்க." ஜெயிலில் போன் எடுக்க ஆளே இல்லை. ஏனென்றால் ஜெயிலே இல்லை. கொதிகலன் வெடித்துக் கூடம் முழுக்கத் தண்ணீர் நின்றதில் மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஆர்டிஸ் தினமும் படித்துக்கொண்டிருந்தது, மூடுவதற்கு முன்னால் போட்ட பட்டியல்.

மறுபடியும் ஷெரிப் ஆபீசுக்குப் போனாள்.

"அப்ப புடிக்கிறவங்களை எங்க வைக்கிறீங்க?"

"பக்கத்து மாவட்டங்கள்ல. அன்னிக்கு எங்க கட்டில் காலியோ அங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண், நகத்தைப் பார்த்துக்கொண்டே.

"என் புள்ளை எந்த மாவட்டத்துல?"

"அதை அவங்கதான் சொல்லணும். இப்ப அவங்க கட்டடத்துல இருக்கான்."

பக்கத்து மாவட்டத்துக்குப் போன் போட்டால் அவர்கள், "எங்க பட்டியல்ல எங்க கைதிங்க பேருதான் போடுவோம். அவன் உங்க ஊர்க் கைதி. உங்க ஷெரிப்தான் சொல்லணும்" என்றார்கள்.

"நீங்க வச்சிருக்கீங்களா இல்லியா, அதையாவது சொல்லுங்களேன்."

"போன்ல சொல்ல மாட்டோம். பொது ஆவணம்தான், யார் வேணா பாக்கலாம். நேர்ல வந்து கேக்கணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் யாருக்கும் காட்டமாட்டார்கள். லவான் போனை வைத்துவிட்டு, மாவு பிசைந்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தாள். முதல் ஊரில் சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். காத்திருந்து கேட்டால் இல்லை என்றார்கள். இரண்டாவது ஊரில் ஆபீஸ் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. அங்கேயும் இல்லை. பனிப்புயலால் ஒருநாள் சாலையை மூடினார்கள். மறுநாள் மூன்றாவது ஊரில், மூக்குறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு கிழவர் ஒரு பேச்சும் பேசாமல் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். டேரன் ஹால்வர்சன். இருக்கிறான்.

"சனிக்கிழமைதான் பாக்க விடுவோம். ஒரு வாரத்துக்கு ஒரு ஆளு" என்றார் கிழவர். லவானுக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமை மூவரும் ஒரே வண்டியில் போனார்கள். "அவன் என் ரத்தம். நானும் வருவேன்" என்று ஆர்டிஸ் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வழி நெடுகப் பேசியது அவள் ஒருத்திதான்.

ஜெயில் வாசலில் லவான் தன் பெயரைக் கொடுத்தாள். காவலர் உள்ளே போய்விட்டு உடனே திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே லவானுக்குப் புரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்கம்மா. உங்களைப் பாக்க மாட்டானாம். புடிச்சுக் குடுத்தவங்க மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறான்."

லவான் கேட்டு வாங்கிய பழிதான். ஆனாலும் அது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"வேணும், நல்லா வேணும்" என்றாள் ஆர்டிஸ். "பாவம் சும்மா விடுமா? பாலை ஊத்தி வளக்கற மாதிரி நடிச்சு..."

"அக்கா, வாயை மூடு."

ஆர்டிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். அறுபது வயதுத் தம்பி அவளிடம் இப்படிப் பேசியதே இல்லை.

"போன் பண்ணது நான்" என்றார் க்ளென்.

"என்னங்க... வேண்டாம்" என்று லவான் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டார்.

"நீ... சந்தையில இல்ல இருந்த?" என்றாள் ஆர்டிஸ்.

"என் கன்னுக்குட்டிங்க முதல்லயே வித்துருச்சு. வந்துட்டேன். நான்தான் போன் பண்ணேன். புள்ளை கேட்டப்ப எனக்கு நாக்கு எழும்பல, இவ தன் தலையில போட்டுக்கிட்டா. தினம் காலையில நீ இவளை வையறதைக் கேட்டுக்கிட்டு, இவ போட்ட காபியையே குடிச்சுக்கிட்டு, மரம் மாதிரி உக்காந்திருந்தேன். நான்லாம் ஒரு ஆம்பிளை." காவலர் பக்கம் திரும்பினார். "தம்பி, இன்னொரு தடவை போய்ச் சொல்லுங்க. காட்டிக் குடுத்தது உங்கப்பன்னு சொல்லுங்க. அவ இல்லேன்னு சொல்லுங்க."

காவலர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஆர்டிஸ் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஊர் பூரா சொன்னேனே... சர்ச்சுல நின்னு சொன்னேனே" என்று தனக்குத்தானே முனகினாள். பிறகு லவானின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "என்னை ரெண்டு அறை அறைஞ்சிடு லவான். இல்லேன்னா இனிமே நான் உன் வீட்டு வாசல்ல கால் வைக்க முடியாது."

"அடிச்சு என்ன அண்ணி ஆகப்போகுது" என்றாள் லவான். அவளுக்கும் கோபம் இருந்தது. பொய் சொல்ல மனமில்லை. "ரொம்ப வலிச்சுது. அது உடனே போகாது. ஆனா காலையில காபிக்கு வாங்க." ஆர்டிஸ் அவள் தோளில் முகம் புதைத்து, குழந்தை மாதிரி விசும்பி அழுதாள்.

கதவு திறந்தது. "ஒருத்தர்தான் போகலாம்" என்றார் காவலர். "அம்மாவை வரச் சொல்றான்."

லவான் க்ளென்னைப் பார்த்தாள். "போ" என்றார் அவர். "நான் அடுத்த வாரம் வந்து அவன் கால்ல விழறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேரன் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான், ஆனால் கண் தெளிந்திருந்தது. இரண்டு பேரும் ரிசீவரை எடுத்தார்கள். வெகுநேரம் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அப்பாவைத் திட்டாதடா" என்றாள் லவான் முதலில். "உன்னைப் பொணமாப் பாக்கக் கூடாதுன்னுதான் பண்ணாரு."

"நீ ஏம்மா பொய் சொன்ன?"

"உனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தானே... என்னை வெறுத்தாலும் அப்பான்னு ஒருத்தர் மிச்சம் இருப்பாரு. அவரை வெறுத்துட்டா, உனக்கு யாருடா இருக்கா?"

டேரன் உள்ளங்கையைக் கண்ணாடிமேல் வைத்தான்.

"நீ இருந்திருப்பியேம்மா" என்றான்.